வீட்டில் நகை செய்ய எந்தக் கருவியை முதலில் வாங்குவது?

கையால் நகை செய்யத் தொடங்குகிறவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் ஒரு குறடு செட். எட்டோ பத்தோ குறடுகள் ஒரே பையில், பார்க்க அழகாக வரும். அதில் பாதி பையைவிட்டு வெளியே வராது. ஆனால் முதல் மோதிரத்தைச் செய்து முடித்ததும், அது விரல் மூட்டைத் தாண்டாமல் நிற்கும், இல்லையென்றால் கை கழுவும்போது கழன்று விழும். வளைக்கக் கருவி இருந்தது, அளக்க இல்லை. அதனால் நான் சொல்லும் வரிசை வேறு. முதல் பணம் அளக்கும் கருவிக்கு, அடுத்தது குறடுக்கு, அதற்குப் பிறகுதான் சுத்தியலும் மற்றவையும்.

இந்தக் கட்டுரை செம்பு, பித்தளை, வெள்ளிக் கம்பியில் மோதிரம், வளையல், கம்மல் செய்ய நினைக்கிற புதியவர்களுக்கானது. பற்றாசு (முனைகளை உருக்கி ஒட்டும் உலோகம்) வைத்து ஊதுவது, கல் பதிப்பது, தங்க வேலை ஆகியவற்றுக்கு நான் போகவில்லை. அவற்றை ஒரு பத்தரிடம் பக்கத்தில் உட்கார்ந்து கற்பதே நல்லது.

முதலில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

கருவியைத் தீர்மானிப்பது கம்பியின் தடிமன். 0.4 மி.மீ. கம்பியை மணியைச் சுற்றிப் பின்னுகிறவருக்கும் 3 மி.மீ. கம்பியில் காப்பு வளைக்கிறவருக்கும் ஒரே குறடு போதாது. எனவே கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காதில் மாட்டும் கொக்கிக்கு 0.8 மி.மீ. கம்பி. மணி கோக்கும் வளையங்களுக்கு 0.8 முதல் 1 மி.மீ. சாதாரண மோதிரத்துக்கு 1.2 முதல் 2 மி.மீ. வளையலுக்கு 2 முதல் 3 மி.மீ. கட்டிப் பின்னும் வேலைக்கு 0.4 மி.மீ.

கம்பி வாங்கும்போது கேஜ் எண்ணை, அதாவது தடிமனைக் குறிக்கும் எண்ணை, மட்டும் நம்பாதீர்கள். நம் ஊர்க் கடைகளில் கேஜ் என்றால் பெரும்பாலும் எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பிரிட்டிஷ் அளவு. வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வது பெரும்பாலும் ஏ.டபிள்யூ.ஜி. என்ற அமெரிக்க அளவு. இரண்டும் ஒன்றல்ல. 20 கேஜ் கம்பி எஸ்.டபிள்யூ.ஜி.யில் 0.91 மி.மீ., ஏ.டபிள்யூ.ஜி.யில் 0.81 மி.மீ. காதுத் துளையில் ஏற வேண்டிய கொக்கிக்கு இந்த வித்தியாசம் பெரிது. வீடியோவில் 20 கேஜ் என்று கேட்டுவிட்டு இங்கே 20 கேஜ் வாங்கினால் கொக்கி காதில் இறுக்கமாக இருக்கும். ‘0.8 மி.மீ. கம்பி கொடுங்கள்’ என்று மி.மீ. கணக்கில் கேட்டால் இந்தக் குழப்பமே வராது.

தொடக்கத்துக்குச் செம்பு போதும். விலை குறைவு, நன்றாக வளையும், அடித்தால் இறுகும், சூடு காட்டினால் மறுபடி இளகும். வெள்ளியும் இதே போலத்தான் நடந்துகொள்ளும், ஆகையால் செம்பில் கை பழகினால் வெள்ளிக்கு மாறுவது சுலபம். பித்தளைக் கம்பி விறைப்பு அதிகம். புதிய கைக்கு அது மணிக்கட்டு வலியைத்தான் தரும்.

அளக்கும் கருவிகள்

முதல் கருவி வெர்னியர் காலிப்பர். 150 மி.மீ. நீளமுள்ள எஃகுக் காலிப்பர் ஒன்று, டிஜிட்டலாக இருந்தால் இன்னும் வசதி. கீழே உள்ள பெரிய தாடைகள் வெளி அளவுக்கு, மேலே உள்ள சிறிய தாடைகள் உள் அளவுக்கு. கம்பியின் தடிமன், மோதிரத்தின் உள்விட்டம், மணியின் விட்டம், கல்லின் நீள அகலம் எல்லாம் இந்த ஒன்றிலேயே அளந்துவிடலாம். பிளாஸ்டிக் காலிப்பர் வேண்டாம், கொஞ்சம் அழுத்தினாலே தாடை வளையும். கடையிலேயே தாடைகளை மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சக் கோடு தெரிந்தால் வேறொன்று கேளுங்கள். ஒவ்வொரு முறை அளப்பதற்கு முன்னும் மூடிய நிலையில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்கும் பழக்கமும் வேண்டும்.

அடுத்து ரிங் சைசர், அதாவது கொத்தாகக் கோத்த அளவு வளையங்கள். நகைக்கடையில் விரலில் போட்டுப் பார்ப்பார்களே, அதேதான். நம் நாட்டு எண்ணில் ஒரு எண் கூடினால் உள்சுற்றளவு ஏறக்குறைய 1 மி.மீ. கூடும். நினைவில் வைக்க ஒரு சுலபமான வழி: எண்ணோடு 40-ஐக் கூட்டினால் சுற்றளவு மி.மீ.யில் கிட்டத்தட்ட வந்துவிடும். 12-ஆம் எண் என்றால் 52 மி.மீ. சுற்றளவு, 16.5 மி.மீ. உள்விட்டம். 14-ஆம் எண் என்றால் 54 மி.மீ., 17.2 மி.மீ.

நூலைச் சுற்றி விரல் அளப்பதை நான் ஏன் வேண்டாம் என்கிறேன் என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும். நூலை இழுத்துப் பிடித்தால் நீளும், தளர்த்தினால் சுருங்கும், ஸ்கேலில் வைக்கும்போது இன்னும் கொஞ்சம் மாறும். 2 மி.மீ. தவறுவது சர்வ சாதாரணம். அந்த 2 மி.மீ. என்பது முழுதாக இரண்டு எண்.

சைசரைப் பயன்படுத்துவதிலும் ஒரு முறை உண்டு. காலையில் குளிர்ந்த தண்ணீரில் வேலை செய்த கையை அளந்தால் விரல் மெலிந்து காட்டும். மாலையில், உடம்பு சாதாரணச் சூட்டில் இருக்கும்போது அளப்பது நல்லது. வளையம் மூட்டைத் தாண்டும்போது லேசாக இறுக வேண்டும், அடியில் வந்ததும் சுழற்றினால் சுழல வேண்டும், திரும்ப உருவும்போது மூட்டில் தடங்கல் தெரிய வேண்டும். மூட்டு பருத்து அடி மெலிந்த விரல்களுக்கு மூட்டுக்கு ஒரு அளவும் அடிக்கு ஒரு அளவும் எடுத்து இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். வலது கையும் இடது கையும் ஒரே அளவு என்று எண்ண வேண்டாம், மோதிரம் போடப்போகிற விரலையே அளக்க வேண்டும். மோதிரப் பட்டை 6 மி.மீ.க்கு மேல் அகலமாக இருந்தால் ஒரு எண் கூட்டிக்கொள்ளுங்கள். அகலப் பட்டை தோலை அதிகம் அழுத்தும்.

வெளியூர் வாடிக்கையாளருக்குச் செய்வதாக இருந்தால், துளையில் கோத்து இழுக்கும் பிளாஸ்டிக் அளவு நாடாவைத் தபாலில் அனுப்பலாம். அது சைசர் அளவுக்குத் துல்லியமில்லை, ஆனால் நூலைவிட எவ்வளவோ மேல்.

மாண்ட்ரல்

மேலே மெலிந்து கீழே பருத்த, எண் பொறித்த கூம்புக் கோல்தான் மாண்ட்ரல். இது அளக்கவும் உதவும், வளைக்கவும் உதவும். ஆனால் எல்லா மாண்ட்ரலும் இரண்டையும் செய்யாது. அலுமினியத்தில் வருவது அளப்பதற்கு மட்டும். அதன்மேல் எஃகுச் சுத்தியலால் அடித்தால் பள்ளம் விழும், அந்தப் பள்ளம் அடுத்த மோதிரத்தின் உள்பக்கத்தில் பதியும். உள்ளே வெற்றிடமாக இருக்கும் மலிவான கோல்களும் அப்படித்தான். மரக் கோல் கம்பியைச் சுற்றிப் பின்னும் வேலைக்கு ஏற்றது. அடித்து வட்டமாக்க வேண்டும் என்றால் கடினப்படுத்திய கெட்டி எஃகுக் கோல்தான் வேண்டும். பக்கவாட்டில் நீளப் பள்ளம் ஓடும் கோல் ஒன்றும் கிடைக்கும். கல் பதித்த மோதிரத்தின் அடியில் கல்லின் கூர் நீட்டிக்கொண்டிருந்தால் அது அந்தப் பள்ளத்தில் இறங்கிக்கொள்ளும். கல் இல்லாத மோதிரம் செய்கிற புதியவருக்கு அது தேவையில்லை, பள்ளம் இல்லாத கோல்தான் முழு வட்டம் தரும்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. ஆன்லைனில் கிடைக்கும் மாண்ட்ரல்களில் பல அமெரிக்க எண் பொறித்தவை. அங்கே ஒரு முழு எண்ணுக்கு விட்டத்தில் 0.81 மி.மீ. கூடும், அதாவது நம் எண்ணில் இரண்டரை. நம் 12-ஆம் எண்ணுக்கு உள்விட்டம் 16.5 மி.மீ., அமெரிக்க 12-ஆம் எண்ணுக்கு 21.4 மி.மீ. ‘எனக்கு 12 சைஸ்’ என்று ஒருவர் சொன்னதை வைத்து அமெரிக்கக் கோலில் 12-ஆம் கோட்டில் மோதிரம் அடித்தால் அது கட்டைவிரலில்கூட ஆடும். நம் 12, அமெரிக்க 6 ஆகும். நம் 14, கிட்டத்தட்ட அமெரிக்க 7.

ஆகவே சைசரும் மாண்ட்ரலும் ஒரே எண் முறையில் இருக்க வேண்டும். முடிந்தால் இரண்டையும் ஒரே கடையில், ஒரே சமயத்தில் வாங்குங்கள். அங்கேயே சரிபார்க்கலாம். சைசரிலிருந்து 14-ஆம் எண் வளையத்தை எடுத்துக் கோலில் போடுங்கள். 14-ஆம் கோட்டில் நிற்கிறதா? அப்புறம் 8, 20 என்று இன்னும் இரண்டு வளையங்கள். எல்லாம் ஒரே அளவு தள்ளி நின்றால் பரவாயில்லை, அந்த வித்தியாசத்தைக் குறித்து வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று தாறுமாறாக நின்றால் அந்த ஜோடியை வாங்காதீர்கள். ஏற்கனவே வாங்கி வீட்டுக்கு வந்துவிட்டதா? காலிப்பரால் சைசரின் ஒவ்வொரு வளையத்தின் உள்விட்டத்தையும் அளந்து ஒரு அட்டையில் எழுதுங்கள். கோலில் அந்தந்த இடத்தை மெல்லிய மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். பொறித்த எண்ணைவிட உங்கள் அட்டை நம்பகமானது.

கோலில் எண்ணைப் பார்க்கும்போது மோதிரப் பட்டையின் நடுக்கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள், எப்போதும் அப்படியே பாருங்கள். ஒரு நாள் மேல் விளிம்பு, மறுநாள் கீழ் விளிம்பு என்று மாற்றினால் அகலப் பட்டையில் ஒரு எண் தவறிவிடும்.

எவ்வளவு கம்பி வெட்டுவது?

இந்தக் கணக்கு ஒன்று தெரிந்தால் மோதிரம், வளையல், சின்னக் கண்ணி எல்லாவற்றுக்கும் போதும். உள்விட்டத்தோடு கம்பியின் தடிமனைக் கூட்டி, 3.14-ஆல் பெருக்க வேண்டும். கம்பி வளையும்போது உள்பக்கம் சுருங்கி வெளிப்பக்கம் நீளும், நடுக்கோடு மட்டும் நீளம் மாறாமல் இருக்கும். அதனால்தான் தடிமனைச் சேர்க்கிறோம். சேர்க்காமல் விட்டால் மோதிரம் சின்னதாகத்தான் வரும்.

14-ஆம் எண் மோதிரம், 2 மி.மீ. கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். 17.2-உம் 2-உம் 19.2. அதை 3.14-ஆல் பெருக்கினால் 60.3 மி.மீ. தடிமனைச் சேர்க்காமல் வெட்டியிருந்தால் 54 மி.மீ.தான். ஆறு எண் சின்னதாகியிருக்கும்.

வளையல் அளவு

2.4, 2.6, 2.8 என்று வளையல் கடையில் சொல்வதைத் தசம எண் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு தப்பிவிடும். ‘ரெண்டு ஆறு’ என்றால் 2 அங்குலமும் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஆறு பங்கும். எனவே 2.10 என்பது 2.8-ஐவிடப் பெரியது. உள்விட்டத்தை மி.மீ.யில் சொன்னால்: 2.2-க்கு 54, 2.4-க்கு 57.2, 2.6-க்கு 60.3, 2.8-க்கு 63.5, 2.10-க்கு 66.7.

கை அளக்க மணிக்கட்டை அளக்காதீர்கள். வளையல் தாண்ட வேண்டியது கையின் அகலமான இடத்தை. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, விரல் கணுக்கள் உள்ள இடத்தில் தையல் நாடாவைச் சுற்றி வரும் அளவை 3.14-ஆல் வகுத்தால் வேண்டிய உள்விட்டம் கிடைக்கும். அவர் தினமும் போடுகிற, நன்றாகப் பொருந்துகிற ஒரு வளையல் இருந்தால் இன்னும் நல்லது. காலிப்பரை உள்ளே வைத்து அளந்துவிடலாம், நாடாவே வேண்டாம்.

வளையலுக்கான பெரிய மாண்ட்ரல் விலை அதிகம், கனமும் அதிகம். தொடக்கத்தில் அதை வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். இரும்புக் கடையில் இரண்டு அங்குல ஜி.ஐ. பைப் துண்டு ஒன்று கேளுங்கள். பெயர்தான் இரண்டு அங்குலம், அதன் வெளிவிட்டம் 60.3 மி.மீ. அதாவது சரியாக 2.6 வளையல். ஓர் அடி நீளத்துக்கு வெட்டி வாங்கி, மேற்பரப்பை உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்துவிட்டால், கூம்பாக இல்லாத நேரான உருளை கிடைத்துவிட்டது. கூம்புக் கோலில் வளையலின் ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் குறுகும் தொல்லை இதில் இல்லை. 63 மி.மீ. பி.வி.சி. பைப்பின் வெளிவிட்டம் 2.8-க்கு மிக அருகில் வரும், ஆனால் அதன்மேல் சுத்தியலால் அடிக்க முடியாது. கையால் அழுத்தி வளைக்க மட்டும். எதை வாங்கினாலும் காலிப்பரால் அளந்து வாங்குங்கள், முலாம் பூச்சிலும் தயாரிப்பிலும் சிறிது கூடக் குறைய இருக்கும்.

2.6 வளையலை 2.5 மி.மீ. கம்பியில் செய்ய 60.3-உம் 2.5-உம் 62.8, பெருக்கினால் 197 மி.மீ. கம்பி வேண்டும். உருளையிலிருந்து எடுத்ததும் வளையல் சற்று விரிந்து கொடுக்கும், அதை எதிர்பார்த்து இன்னும் கொஞ்சம் இறுக்கி வளையுங்கள்.

திறந்த காப்பு செய்கிறவர்களுக்கு மட்டும் வட்டத்தைவிட நீள்வட்ட உருளை நல்லது. மணிக்கட்டு வட்டமாக இல்லையே. வட்டக் காப்பு கையில் சுழன்றுகொண்டே இருக்கும், நீள்வட்டக் காப்பு அப்படியே நிற்கும்.

குறடுகள்

நான்கு போதும். வட்ட மூக்குக் குறடு, தட்டை மூக்குக் குறடு, கூர் மூக்குக் குறடு, ஒரு நல்ல கட்டர். மோதிரம் அதிகம் செய்வீர்கள் என்றால் ஐந்தாவதாக, ஒரு தாடை தட்டையும் மறு தாடை அரைவட்டமும் உள்ள குறடு.

எல்லாவற்றிலும் தாடையின் உள்பக்கம் வழவழப்பாக இருக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் குறடில் உள்ள பற்கள் செம்பிலும் வெள்ளியிலும் ஆழமாகப் பதியும், அந்தத் தழும்பைத் தேய்த்து எடுப்பதற்குள் கம்பியே மெலிந்துவிடும். கையில் எடுத்து மூடிப் பாருங்கள். இரண்டு மூக்குகளும் நுனிவரை சேர வேண்டும். திறந்த நிலையில் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மூட்டு ஆடினால் வைத்துவிடுங்கள், போகப் போக இன்னும் ஆடும். கைப்பிடி உங்கள் உள்ளங்கைக்குப் பொருந்துகிறதா என்பதும் முக்கியம். பிடி குட்டையாக இருந்தால் அதன் முனை உள்ளங்கையின் நடுவில் குத்தும், நீண்ட நேர வேலையில் அது தாங்காது.

வட்ட மூக்குக் குறடின் தாடைகள் கூம்பாக இருப்பதால், எந்த இடத்தில் கம்பியை வைக்கிறீர்களோ அந்த அளவில்தான் கண்ணி வரும். இரண்டு கம்மல்களின் கண்ணிகள் ஒன்றாக வர வேண்டும் என்றால் தாடையில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு முறையும் கம்பியை அந்தக் கோட்டிலேயே வையுங்கள். காலிப்பரால் அந்த இடத்தின் விட்டத்தை அளந்துவிட்டால் வெட்ட வேண்டிய நீளமும் தெரிந்துவிடும். தாடை 2.2 மி.மீ., கம்பி 0.8 மி.மீ. என்றால் மொத்தம் 3, ஆகவே கண்ணிக்கு 9.4 மி.மீ. கம்பி. மோதிரத்துக்குப் போட்ட அதே கணக்குதான்.

தட்டை மூக்கும் கூர் மூக்கும் இரண்டும் ஏன் வேண்டும் என்றால், வளையத்தைத் திறக்க இரு கையிலும் ஒரு குறடு வேண்டும். வளையத்தின் வாயை இருபுறமும் இழுத்து அகற்றக் கூடாது, வட்டம் கெட்டுவிடும். ஒரு முனையை உங்களை நோக்கியும் மறு முனையை எதிர்ப்பக்கமும் திருப்பித் திறக்க வேண்டும், அப்படியே திருப்பி மூட வேண்டும். மூடும்போது முனைகள் ஒன்றையொன்று லேசாகத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தால், இடைவெளி இல்லாமல் இறுகி நிற்கும்.

கட்டர் வாங்கும்போது ஒரு பக்கம் தட்டையாகவும் மறு பக்கம் சரிவாகவும் வெட்டும் வகையைக் கேளுங்கள். தட்டைப் பக்கம் உங்கள் நகைக்கு, சரிவுப் பக்கம் வீணாகும் துண்டுக்கு. இந்தக் கட்டரால் எஃகுக் கம்பியை, கிட்டார் கம்பியை, வளைந்தே இருக்கும் மெமரி வயரை வெட்டவே கூடாது. ஒரே வெட்டில் வாயில் பள்ளம் விழுந்துவிடும், அதன்பின் செம்பும் ஒழுங்காக வெட்டுப்படாது. வெட்டும்போது துண்டு எகிறிக் கண்ணில் படும், ஆகவே துண்டின் மேல் விரலை வைத்து வெட்டுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்வதும் அவசியம்.

நைலான் தாடைக் குறடு கோணலான கம்பியை உருவி நேராக்க நல்லது, ஆனால் முதல் மாதத்தில் தேவைப்படாது. படிப்படியாகப் பருக்கும் உருளைத் தாடைக் குறடு, ஒரே அளவுக் கொக்கிகளை நிறையச் செய்யும் காலத்தில் வாங்கலாம். அதுவரை பேனா மூடியும் பின்னல் ஊசியும் போதும். கொக்கி ஜோடி ஒன்றாக வர, இரண்டு கம்பிகளையும் சேர்த்துப் பிடித்து ஒரே மூடியின்மேல் ஒரே சமயத்தில் வளையுங்கள்.

சுத்தியல், அடிக்கும் கட்டை

எஃகுச் சுத்தியல் உலோகத்தை நசுக்கும், நசுங்கினால் நீளும். நைலான் சுத்தியலோ கொட்டாப்புளியோ (மரச் சுத்தியல்) உலோகத்தை நகர்த்துமே தவிர நசுக்காது. அளவு விஷயத்தில் இதுதான் பலருக்குத் தெரியாமல் போகிறது. சரியான அளவில் வந்த மோதிரத்தை அழகுக்காக எஃகுச் சுத்தியலால் மாண்ட்ரல்மேல் தட்டிக்கொண்டே போனால் அது கண் முன்னே பெரிதாகும். அடிக்க வேண்டும் என்று முன்பே தெரிந்தால் ஓர் எண் குறைவாகத் தொடங்குங்கள். மோதிரம் கொஞ்சம் இறுக்கமாக வந்துவிட்டால் இதையே வைத்து ஓர் எண் கூட்டவும் செய்யலாம்.

முதலில் வாங்க வேண்டியது நைலான் சுத்தியல். இரண்டாவதாக, ஒரு பக்கம் அகலமான லேசாகக் குவிந்த முகமும் மறுபக்கம் உருண்டையும் உள்ள சிறிய எஃகுச் சுத்தியல். முகம் கண்ணாடி போல் இருக்க வேண்டும், ஆணி அடிக்கிற சுத்தியலை இதற்கு எடுக்காதீர்கள். எஃகுக் கட்டையும் அப்படியே. அதன் மேற்பரப்பில் ஒரு கீறல் இருந்தால் நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு தகட்டிலும் அந்தக் கீறல் பதியும். மூன்று நான்கு அங்குலச் சதுரக் கட்டை போதும். அடியில் தடித்த ரப்பர் பாயைப் போட்டால் அடுக்குமாடி வீட்டில் கீழே இருப்பவர்களும் நிம்மதியாக இருப்பார்கள்.

ஜிமிக்கிக் குடை செய்ய ஆசைப்படுகிறவர்கள் குழிக்கட்டை பற்றிக் கேட்பார்கள். பல அளவுக் குழிகள் உள்ள கட்டையும், உருண்டைத் தலையுள்ள உளிகளும் செட்டாக வரும். தகட்டு வில்லையை எப்போதும் அதைவிடப் பெரிய குழியில் தொடங்கி, ஒவ்வொரு குழியாகச் சிறிதாக்கிக்கொண்டே வர வேண்டும். நேராகச் சின்னக் குழியில் வைத்து அடித்தால் விளிம்பு மடிந்து சுருக்கம் விழும். 12 மி.மீ. அரைக்கோளத்துக்கு ஏறத்தாழ 16, 17 மி.மீ. வில்லை வேண்டும், ஆகவே 18 மி.மீ. குழியிலோ அதற்கு மேலோ தொடங்குங்கள். உளியின் தலை, குழியைவிடத் தகட்டின் இரு மடங்குத் தடிமன் அளவுக்காவது சிறியதாக இருக்க வேண்டும். 0.5 மி.மீ. தகடு, 12 மி.மீ. குழி என்றால் உளி 11 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. இல்லாவிட்டால் நடுவில் தகடு வெட்டுப்பட்டுவிடும். செட்டில் இந்த அளவுகள் இருக்கின்றனவா என்று காலிப்பரால் பார்த்து வாங்குங்கள்.

ஒரு மோதிரம் செய்து பார்க்கலாம்

பற்றாசு வேண்டாத திறந்த மோதிரம். 14-ஆம் எண், 2 மி.மீ. செம்புக் கம்பி, முனைகளுக்கு நடுவில் 3 மி.மீ. இடைவெளி. முழு வட்டத்துக்கு 60.3, இடைவெளி போக 57.3 மி.மீ. வெட்டுங்கள்.

முனைகள் இரண்டையும் சின்ன அரத்தால் உருட்டித் தேய்த்துவிடுங்கள். வளைத்த பிறகு தேய்ப்பது சிரமம். உப்புத்தாளால் ஒரு முறை தேய்த்து, விரல் நுனியால் தடவிப் பாருங்கள், எங்கேயும் பிடிக்கக் கூடாது.

கம்பி விறைப்பாக இருந்தால் சிறிய கேஸ் டார்ச்சால், வெளிச்சம் குறைந்த இடத்தில், மங்கிய சிவப்பு தெரியும்வரை சூடு காட்டித் தண்ணீரில் போடுங்கள். செம்பு இளகிவிடும். செங்கல்லின்மேல் வைத்துச் செய்யுங்கள், சாமணத்தால் மட்டும் தொடுங்கள், பக்கத்தில் துணியோ காகிதமோ இருக்கக் கூடாது.

வளைப்பதை நடுவிலிருந்து தொடங்காதீர்கள். முனைகள்தான் கடைசியில் அடம்பிடிக்கும், நீளம் குறைவாக இருப்பதால் பிடிக்கக் கிடைக்காது. எனவே அரைவட்டக் குறடால் முதலில் இரண்டு முனைகளையும் கொஞ்சம் கொஞ்சமாக வளையுங்கள். வட்டத் தாடை உள்பக்கம், தட்டைத் தாடை வெளிப்பக்கம். மாற்றிப் பிடித்தால் தட்டைத் தாடையின் ஓரம் உள்ளே வெட்டிப் பதியும். முனைகள் வளைந்ததும் நடுப்பகுதியை மாண்ட்ரலில் வைத்துக் கையாலேயே அழுத்திச் சுற்றுங்கள். 12 அல்லது 13-ஆம் எண் இடத்தில் வைத்துச் சுற்றினால், விட்டதும் விரிந்து 14-க்கு வரும்.

இப்போது நைலான் சுத்தியல். மாண்ட்ரலை மேசை விளிம்பில் சாய்த்துப் பிடித்து, மோதிரத்துக்கும் கோலுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும் இடத்தில் மட்டும் தட்டுங்கள். கம்பி கோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் தட்டிப் பயனில்லை. நான்கைந்து தட்டுக்கு ஒரு முறை மோதிரத்தைக் கழற்றித் தலைகீழாக மாற்றிப் போடுங்கள். கோல் கூம்பு என்பதால் மாற்றாமல் அடித்தால் மோதிரத்தின் ஒரு வாய் பெரிதாகவும் ஒரு வாய் சிறிதாகவும் வந்துவிடும். வெளிச்சம் எங்கும் தெரியாதபோது நிறுத்தி, நடுக்கோடு 14-இல் நிற்கிறதா என்று பாருங்கள். காலிப்பரால் இரண்டு திசைகளில் உள்விட்டத்தை அளந்தால் வட்டம் சரியா என்பதும் தெரிந்துவிடும்.

இதே முறையில் மெட்டியும் செய்யலாம். மெட்டியை இடைவெளியோடு செய்வதே வழக்கம். கால் விரலின் அளவுக்கு வளைத்துவிட்டு, போட்டபின் லேசாக அழுத்திப் பொருத்திக்கொள்ளலாம்.

கடைக்குப் போகும்போது

சென்னையில் சௌகார்பேட்டைப் பக்கமும், கோவையில் நகைப் பட்டறைகள் உள்ள தெருக்களிலும் நகைக் கருவி விற்கும் கடைகள் உண்டு. நேரில் போக முடிந்தால் காலிப்பரையும், நீங்கள் பயன்படுத்தும் கம்பியில் ஒரு முழத்தையும் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு அந்தக் கம்பியைக் குறடால் வளைத்துப் பாருங்கள், கட்டரால் வெட்டிப் பாருங்கள். நல்ல கடையில் மறுக்க மாட்டார்கள்.

பணம் குறைவு என்றால் எங்கே மிச்சம் பிடிப்பது என்பதற்கு என் வழி இது. காலிப்பர், மாண்ட்ரல், கட்டர் மூன்றிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். தட்டை மூக்கும் கூர் மூக்கும் நடுத்தர விலையில் போதும். நைலான் சுத்தியல், ரப்பர் பாய், பைப் துண்டு ஆகியவற்றில் மலிவானதே போதும். குழிக்கட்டையும் மற்ற விசேஷக் குறடுகளும் அந்தந்த வேலை கைக்கு வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

கடலோர ஊர்க்காரர்கள் எஃகுக் கருவிகளைத் திறந்த டப்பாவில் போட்டு வைத்தால் ஒரு மழைக்காலத்திலேயே துருப் புள்ளி விழும். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் கைவியர்வையைத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெயை மெல்லிய பூச்சாகத் தடவி, மூடிய பெட்டியில் வையுங்கள். குறடின் மூட்டுக்கு ஒரு சொட்டு. மாண்ட்ரலைத் துணியில் சுற்றிப் படுக்க வையுங்கள், மற்றக் கருவிகளோடு மோதாமல். அடுத்த முறை எடுக்கும்போது எண்ணெயைத் துடைத்துவிட்டுத்தான் வெள்ளியைத் தொட வேண்டும்.